காமிரா வாங்குமுன் கண்ணைப் பழக்குங்கள்!

 

சென்ற ரமழானுக்கு ஏறக்குறைய மூன்று வாரங்கள் இருந்த நேரம். அஸர் தொழுகையை முடித்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கவிருந்தேன். எங்கள் ஆர்.எஸ்.புரம் மதரஸாவின் வாசலில் ஒரு தாய் தயங்கித் தயங்கி வந்து நின்றார். கணவரை இழந்தவர், தையல் இயந்திரம் ஒன்றை வைத்து, ரவிக்கை தைத்துக் கொடுத்து, ஒரே மகனை வளர்த்தவர். அந்த மகன் என்னிடம் குர்ஆன் ஓதி முடித்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, ஓராண்டாக ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்து வந்தான்.

அந்தத் தாய் முந்தானையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இரண்டு தங்க வளையல்கள்.

"இந்த ரெண்டையும் வித்துப் பையனுக்குக் காமிரா வாங்கிக் கொடுக்கலாமுங்களா ஹஜ்ரத்? சினிமாக் காலேஜுல சேர அது இல்லாம முடியாதுங்கறான். எங்க அண்ணனோ, அது ஹராமான தொழில், வாங்கிக் கொடுத்தா உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு. நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்யறனுங்க."

மகன் எழுதிக் கொடுத்த ஒரு தாளையும் நீட்டினார். விலையுயர்ந்த காமிரா ஒன்று, லென்ஸ்கள் மூன்று, வானில் பறந்து படமெடுக்கும் ட்ரோன் ஒன்று என்று வரிசையாக எழுதியிருந்தான். மைக் என்ற சொல் மட்டும் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

"தாயே! ரமழான் முடியும்வரை இந்த வளையல்கள் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். தம்பியை நாளை என்னிடம் அனுப்பி வையுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவனுக்கும் காமிராவுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் எண்ணக்கூடும். இன்று பல இல்லங்களில் இக்கேள்வி எழுந்து நிற்கிறது. பிள்ளை ஒருபுறம் பிடிவாதம் பிடிக்க, பெரியவர்கள் மறுபுறம் கதவடைக்க, இடையே தாய் கலங்கி நிற்கிறாள். ஆகவே, இத்துறையில் உழைக்கும் நண்பர்களிடம் கேட்டறிந்தவற்றையும், அந்தத் தம்பியோடு ஒரு மாதம் நடந்து கற்றுக்கொண்டவற்றையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எடுக்கலாமா, கூடாதா?

முதலில் தாய்மாமனின் ஆட்சேபத்தைப் பார்ப்போம். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உருவங்களைச் சமைப்பது பற்றி ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கைகள் வந்துள்ளன. புகைப்படக் கருவி உலகில் பரவிய காலத்தில், அந்த எச்சரிக்கை இதற்கும் பொருந்துமா என்று உலமாக்கள் ஆழ்ந்து ஆராய்ந்தார்கள். எகிப்து நாட்டின் முஃப்தியாக விளங்கி 1935இல் மறைந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், ஒளியினால் விழும் நிழலைப் பிடித்து நிறுத்துவதே புகைப்படம் என்றும், அது படைப்புக்குப் போட்டியாக உருவம் சமைப்பதாகாது என்றும் தனி நூலே எழுதினார்கள். நம் நாட்டில் தேவ்பந்த் வழி வந்த உலமாக்களில் பலர் இதனை ஏற்கவில்லை. அச்சிட்ட படத்தையும், திரையில் தோன்றி மறையும் மின்னணுப் பிம்பத்தையும் பிற்காலத்தில் வேறுபடுத்திப் பார்த்த அறிஞர்களும் உண்டு.

இவ்வாறு கருத்து வேறுபாடுள்ள விஷயத்தில், பேணுதலுக்காக விலகி நிற்பவரை நான் குறை கூற மாட்டேன். அது அவருடைய தக்வா. ஆயினும் அந்த மாமாவிடம் ஒன்றைப் பணிவோடு கேட்டேன்: "பாய்! உங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி இரவு பதினொரு மணிவரை ஓடுகிறது. பிறர் எடுத்த படத்தைப் பார்ப்பதில் நமக்குத் தடையில்லை. நம் பிள்ளை எடுப்பதில் மட்டும் தடையா?" அவர் பதில் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

ஹலாலும் ஹராமும் பெரும்பாலும் படத்தின் பொருளில் இருக்கின்றன என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆபாசமும் பொய்யும் காமிராவால் எடுத்தாலும் ஹராமே. பேனாவால் எழுதினாலும் ஹராமே.

நம் ஊர் கண்ட கலை

இந்தத் தொழில் நமக்கு அந்நியமானது என்று கோவைவாசிகள் சொல்ல முடியாது. நகரின் நடுவே இருக்கும் வெரைட்டி ஹால் சாலையின் பெயர் எங்கிருந்து வந்தது? 1883இல் கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் இரயில்வே நிறுவனத்தில் வரைவாளராகப் பணியாற்றியவர். 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் ஒன்று. வேலையை விட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டி, 1914இல் கோவையில் அவர் கட்டிய நிரந்தரத் திரையரங்கமே வெரைட்டி ஹால். பின்னர் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இங்கே எழுந்தன. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான ராஜகுமாரி, 1947இல் வெளிவந்தது, சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானதே. இத்தனையும் நம் கண்முன் நடந்த ஊரில், காமிராவுக்குப் பின்னால் நின்ற நம்மவர்கள் எத்தனை பேர்?

இதை வெறும் பெருமைக்காகக் கேட்கவில்லை. 1997 நவம்பர் இறுதியில் இந்நகரில் கலவரம் மூண்டு உயிர்கள் பறிபோயின. 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர். எங்கள் ஆர்.எஸ்.புரமும் அன்று அதிர்ந்தது. அப்போது நான் பதின்பருவ மாணவன். பெயரைச் சொன்னதும் வாடகைக்கு வீடு இல்லை என்று கதவு சாத்தப்பட்ட காலத்தை என் வயதினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பின் வெள்ளித்திரை நம்மைக் காட்டிய விதம் உங்களுக்குத் தெரியும். தாடியும் தொப்பியும் திரையில் தோன்றிய மாத்திரத்தில் பின்னணி இசை மாறிவிடுகிறது! அதைக் கண்டு கொதிக்கிறோம், கண்டனத் தீர்மானம் போடுகிறோம், கலைந்து போகிறோம். நம் கதையைப் பிறர் தவறாகச் சொல்கிறார்கள் என்று வருந்தும் நாம், அதைச் சரியாகச் சொல்லக்கூடிய பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்தலாமா?

இருட்டறையும் ஒரு துவாரமும்

மறுநாள் அந்தத் தம்பி வந்தான். கையில் செல்போன், அதில் அவன் விரும்பும் காமிராவின் படம். நான் அவனிடம் கேட்டேன்: "காமிரா என்ற சொல்லுக்கு என்ன பொருள்?" ஏதோ ஒரு மேடையில் கேட்டதை நினைவில் வைத்து, "கமர் என்ற அறபுச் சொல்லிலிருந்து வந்தது ஹஜ்ரத்" என்றான்.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்திதான். ஆனால் அது சரியன்று. காமிரா என்பது இலத்தீன் மொழியில் அறையைக் குறிக்கும் சொல். நமக்கு உண்மையான பெருமை இருக்கும்போது பொய்யான பெருமை எதற்கு? பஸராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம் என்னும் மாமேதை, பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிதாபுல் மனாழிர் என்ற ஒளியியல் நூலை எழுதினார். இருட்டறை ஒன்றின் முன் பல விளக்குகளை வரிசையாக வைத்தார். ஒரே துவாரத்தின் வழியே ஒவ்வொரு விளக்கின் ஒளியும் உள்ளே தனித்தனிப் புள்ளியாக விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று இதனால் நிறுவினார்.

"இன்று நீ இலட்ச ரூபாய் கொடுத்து வாங்க நினைக்கும் கருவியும் அந்த இருட்டறைதான் தம்பி. துவாரத்தில் லென்ஸ் வந்திருக்கிறது. சுவரில் சென்சார் வந்திருக்கிறது. அறை மாறவில்லை. எந்த விளக்கை வைப்பது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் மனிதனை முதலில் தயார் செய்வோம்" என்றேன்.

கஞ்சி அண்டாவின் முன்

ரமழான் பிறந்தது. நான் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கடையில் பிற்பகல் விடுப்புக் கேட்டு, முதல் பத்து நாட்கள் லுஹரிலிருந்து அஸர்வரை பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்தில் நிற்க வேண்டும். செல்போனைத் தொடக்கூடாது. கண்டதையும் கேட்டதையும் நோட்டில் எழுத வேண்டும். முகம் சுளித்தான், ஆனால் செய்தான்.

அடுத்த பத்து நாட்களில் செல்போனில் படமெடுக்க அனுமதித்தேன். ஆனால் சில நிபந்தனைகள்: போனைக் குறுக்குவாட்டில் பிடிக்க வேண்டும். ஓரிடத்தில் ஊன்றி வைத்து, அசைக்காமல், ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடிகளாவது எடுக்க வேண்டும். விரலால் இழுத்துப் பெரிதாக்கக் கூடாது. அருகில் காட்ட வேண்டுமானால் நடந்து அருகில் போக வேண்டும். திரையில் விரலை அழுத்தி வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆவி பறக்கும்போதெல்லாம் படம் வெளுத்தும் கறுத்தும் தள்ளாடும்.

அவன் எடுத்து வந்த முதல் படம் மூன்று நிமிடங்கள். மெதுவாக அசையும் கரண்டி, பறக்கும் ஆவி, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய உருக்கமான இசை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கஞ்சி காய்ச்சும் பெரியவர் வாயசைக்கிறார். அவர் சொல்வது ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

"இந்தப் பெரியவர் யார் தம்பி?"

"கஞ்சி காய்ச்சறவருங்க."

"அது எனக்கும் தெரியும். அவரும் நோன்பாளிதானே? அவ்வளவு பெரிய அண்டாவில் உப்புச் சரியாக இருக்கிறதென்று எப்படி அறிகிறார்?"

அவனிடம் பதில் இல்லை. இருபது நாட்கள் அருகே நின்றும் அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவில்லை. தேவை ஏற்படும்போது நாவின் நுனியில் வைத்துப் பார்த்து உமிழ்ந்துவிடுவதை ஃபிக்ஹு சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பெரியவர் அதைக்கூடச் செய்வதில்லையாம். தேங்காய்ப்பால் ஊற்றியபின் எழும் மணத்திலேயே உப்பின் அளவு தெரிந்துவிடும் என்று மறுநாள் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் யாருமே அவரிடம் அதைக் கேட்டதில்லையாம்!

கடைசிப் பத்தில் அவன் எடுத்த இரண்டாவது படம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. அஸருக்குப் பின் வரிசையில் ஒரு கை, தூக்குப்போசியை நீட்டுகிறது. அந்தக் கையில் வளையல், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் இந்துச் சகோதரி. பேரனுக்குக் காய்ச்சல், நோன்புக் கஞ்சி குடித்தால் தேறிவிடுவான் என்று வந்திருக்கிறார். 1998க்கு முன்பும் அந்தக் கை வந்தது, பின்பும் வந்துகொண்டிருக்கிறது. எந்தத் திரைப்படமும் காட்டாத அந்தக் கையை, செல்போன் ஒன்றை வைத்துக்கொண்டு நம் மஹல்லாவின் பிள்ளை காட்டிவிட்டான்!

காது கேட்காத காமிரா

முதல் படம் ஏன் தோற்றது? ஒலியினால். புதியவர்கள் அனைவரும் தடுக்கி விழும் இடம் இதுவே என்று நண்பர்கள் சொன்னார்கள். மங்கலான காட்சியைக்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். காமிராவில் உள்ள மைக், பேசுகிறவரைவிட அருகில் இருக்கும் அடுப்பையும் மின்விசிறியையும்தான் முதலில் கேட்கும். தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது இயற்பியல். ஆகவே சட்டைக் காலரில் குத்தும் சிறிய மைக் ஒன்றும், பதிவாகும்போதே கேட்டுச் சரிபார்க்க ஹெட்போன் ஒன்றும், காமிராவுக்கு முன்பே வாங்க வேண்டியவை.

ஒலியின் சிறப்புக்குச் சான்று நம் அண்டை மாநிலத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் விளக்குப்பாறை என்ற சிற்றூரில், தனியார் பேருந்து ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ரசூல் பூக்குட்டி. காயங்குளத்தில் முஸ்லிம்கள் நடத்தும் மீலாதே ஷரீஃப் நினைவுக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பின்னர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு பயின்று 1995இல் வெளிவந்தார். 2009இல் ஸ்லம்டாக் மில்லியனர் படத்துக்காக, ஒலிக்கலவைக்கான ஆஸ்கர் பரிசை இருவருடன் பகிர்ந்து பெற்றார். திரைத்துறை என்றால் நடிகரும் இயக்குநரும் மட்டுமே என்று எண்ணும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு ஆகியவை கைத்தொழில்கள். உழைத்தால் ஹலாலான உணவு தருபவை.

அப்படியானால் எதை வாங்குவது?

இனி அந்தத் தாளுக்கு வருவோம். முதலில் ட்ரோனை அடித்தேன். அதைப் பறக்கவிட அரசு விதிகள் பல. பறவையின் பார்வை தேவைப்படும் கதையும் அவனிடம் இல்லை. மூன்று லென்ஸ்களில் இரண்டை அடித்தேன். மீதமுள்ள பணத்தைப் பத்துப் பங்காக்கி, காமிராவுக்கும் ஒரு லென்ஸுக்கும் ஐந்து பங்குக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கிட்டோம். மற்ற ஐந்தும் மைக், ஹெட்போன், ஆட்டமில்லாத முக்காலி, உபரி பேட்டரி, மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்கு.

கடைக்காரர் முதலில் சொல்வது 4கே என்ற சொல்லாகவே இருக்கும். 4கே தரத்தில், விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் காமிராவில், ஒரு மணி நேரப் படம் 45 ஜிகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதைச் சேமிக்கவும் தொகுக்கவும் வலுவான கணினி வேண்டும். அந்தச் செலவைக் கடைக்காரர் சொல்வதில்லை. கற்கும் பிள்ளைக்கு முழு எச்டி என்னும் 1080 தரமே போதும்.

அவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வெளி மைக் செருகும் துளை உண்டா? ஹெட்போன் துளை உண்டா? வெளிச்சம், குவியம், ஷட்டர் ஆகியவற்றைக் கையால் மாற்ற முடியுமா? தானே எல்லாவற்றையும் செய்துகொள்ளும் கருவி, பிள்ளைக்கு எதையும் கற்றுத் தராது. லென்ஸைக் கழற்றி மாட்ட முடியுமா? நிறுத்தாமல் எவ்வளவு நேரம் பதியும்? பழைய மாதிரிகள் பல முப்பது நிமிடத்துக்கு ஒரு விநாடி முன்னதாகவே நின்றுவிடும். பயான் முழுவதையும் பதிவு செய்யப் போனவர் பாதியில் திகைக்க நேரிடும்.

இன்னொரு நுட்பம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. காமிராவை விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால், ட்யூப் லைட்டின் கீழும் படம் அமைதியாக இருக்கும். அமெரிக்க வழக்கப்படி 30, அறுபதில் ஒரு பங்கு என்று வைத்தால், சில விளக்குகளின் கீழ் படத்தில் கோடுகள் ஓடும். கருவி பழுது என்று எண்ணி, வாங்கிய கடைக்கே ஓடியவர்கள் உண்டு!

பிறர் பயன்படுத்திய காமிராவை வாங்குவதில் குறைவொன்றுமில்லை. ஆனால் கடையிலேயே பத்து நிமிடங்கள் படமெடுத்து, மைக் துளையும் பேட்டரியும் சரியாக இருக்கின்றனவா, வெள்ளைச் சுவரை எடுத்தால் கரும்புள்ளி தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்குமுன் இரண்டு நாட்கள் வாடகைக்கு எடுத்துப் பழகுவது இன்னும் நல்லது. வட்டிக்குக் கடன் வாங்கி மட்டும் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள். மாதத் தவணையிலும் வட்டி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே படிப்பது?

காமிரா சொந்தமாக இல்லாவிட்டால் கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது வீண் அச்சம். பயிற்சிக்கான கருவிகளைத் தருவது கல்லூரியின் கடமை. நுழைவுத் தேர்விலும் நேர்காணலிலும் அவர்கள் பார்ப்பது, பிள்ளை எதைப் படித்திருக்கிறான், எதைக் கவனித்திருக்கிறான், ஒரு கதையை எப்படிச் சொல்கிறான் என்பதைத்தான். கஞ்சி அண்டாவின் முன் எழுதிய அந்த நோட்டு, அங்கே காமிராவைவிட அதிகம் உதவும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் சென்னை தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தை அணுகலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் என்னென்ன பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கோவைக் கல்லூரிகளிலும் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு உண்டு. வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். பட்டம் பெற்றபின் புனேயில் 1960இல் தொடங்கப்பட்ட கல்லூரியும், கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் அமைந்த கல்லூரியும் இருக்கின்றன.

இன்னொன்றை நம் இல்லங்கள் அவசியம் அறிய வேண்டும். 1920 அக்டோபரில் அலிகரில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவைத் தொடங்கி வைத்தவர்கள், தேவ்பந்தின் பேரறிஞர் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் அவர்கள். டில்லிக்கு இடம்பெயர்ந்து வளர்ந்த அதே ஜாமிஆவில், 1982இல் அதன் துணைவேந்தர் அன்வர் ஜமால் கித்வாய், மக்கள் தொடர்பு ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். ஆவணப்படம் எடுப்பதை முறையாகக் கற்பிக்கும் அந்த மையம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. ஓர் ஆலிம் ஊன்றிய விதையில் முளைத்த மரத்தின் கிளையில் காமிராவும் இருக்கிறது என்று அந்த மாமாவுக்குச் சொன்னேன்.

சிரியாவின் ஹலப் நகரில் 1930இல் பிறந்த முஸ்தஃபா அக்காத், திரைப்படம் படிக்க அமெரிக்கா புறப்பட்டபோது, அவருடைய தந்தை விமான நிலையத்தில் ஒரு கையில் இருநூறு டாலரையும் மறு கையில் குர்ஆனையும் கொடுத்து வழியனுப்பினார் என்று அவரே கூறியிருக்கிறார். 1976இல் இஸ்லாத்தின் தொடக்க வரலாற்றை தி மெஸேஜ் என்ற படமாக அவர் எடுத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவத்தையும் குரலையும் காட்டாமலே முழுப் படத்தையும் அமைத்தார். அறபியிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு தனித்தனியே படமாக்கினார். அப்படத்தைப் பற்றியும் உலமாக்களிடையே எதிர்ப்பு எழுந்ததுண்டு. 2005இல் அம்மான் நகரில் தீவிரவாதிகள் வைத்த குண்டுக்கு அவரும் அவருடைய மகளும் பலியானார்கள். அந்தத் தந்தை கொடுத்த இரண்டு பொருட்களை நினைத்துப் பாருங்கள். அவர் மகனின் கையில் காமிராவைக் கொடுக்கவில்லை.

ஹுஜுராத் கற்பிக்கும் ஒழுக்கம்

எல்லாம் சரி, பிள்ளை வழிதவறிவிட்டால் என்ன செய்வது? இது நியாயமான அச்சமே. அந்தத் தம்பிக்கு நான் ஒரே ஓர் அத்தியாயத்தை மீண்டும் பொருளுணர்ந்து ஓதச் சொன்னேன்: சூரா ஹுஜுராத். வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படியும், ஒருவர் மற்றவரைப் பரிகசிக்காதிருக்கும்படியும், பிறர் அந்தரங்கத்தைத் துருவாதிருக்கும்படியும், புறம் பேசாதிருக்கும்படியும் அந்த அத்தியாயம் கட்டளையிடுகிறது. காமிரா பிடிப்பவருக்கு இவற்றைவிடச் சிறந்த சட்டப் புத்தகம் உண்டா?

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. என் நிகாஹ்வின்போது ஏற்பாடு செய்த வீடியோக்காரர், யாரிடமும் கேளாமல் பெண்கள் பகுதிக்குள் நுழைந்துவிட்டார். முக்காடு நழுவி உணவருந்திக்கொண்டிருந்த என் சிற்றன்னையை மிக அருகில் படமாக்கியிருந்தார். அந்தப் பதிவு உறவினர் வீடுகளில் ஓடியபின்தான் எங்களுக்குத் தெரிந்தது. சிற்றன்னை அதன்பின் இரண்டு ஆண்டுகள் எந்தத் திருமணத்துக்கும் வரவில்லை. அனுமதியின்றி எடுத்த ஒரு காட்சி ஒரு பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவிட்டது!

ஆகவேதான், நம் பெண் பிள்ளைகளும் இக்கலையைக் கற்க வேண்டும் என்கிறேன். பெண்கள் பகுதியைப் பெண்ணே படமெடுத்து, பெண்ணே தொகுத்துக் கொடுத்தால் எத்தனை குடும்பங்கள் நிம்மதி அடையும்! வீட்டிலிருந்தே படத்தொகுப்புச் செய்து பொருளீட்டவும் இதில் வழியுண்டு.

வளையல்கள்

பெருநாள் மாலை. மதரஸாத் திண்ணையில் தாயும் மகனும், சற்றுத் தள்ளி மாமாவும் அமர்ந்திருந்தார்கள். தம்பி தன் இரண்டாவது படத்தைச் செல்போனில் ஓடவிட்டான். ரமழான் மாதச் சம்பளத்தில் அவனே ஒரு காலர் மைக் வாங்கியிருந்ததால், பெரியவரின் குரல் தெளிவாகக் கேட்டது. தூக்குப்போசி நீட்டிய கை வந்தபோது மாமா குனிந்து பார்த்தார். படம் முடிந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தம்மா பேரனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"விட்டுடுச்சுங்க மாமா. நான் போய்க் கேட்டேன்" என்றான் தம்பி.

அவன் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, அல்லாஹ்வே அறிந்தவன். வளையல்கள் பெட்டியில் இருக்கின்றன. கல்லூரியில் சேர்ந்து, ஓராண்டு படித்து, எந்தக் கருவி தேவை என்று அவனுக்கே தெளிவானபின் அவற்றைப் பற்றிப் பேசலாம் என்று தாய் சொல்லிவிட்டார். மாமா அந்த வீட்டு வாசற்படியை இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்!

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை காமிரா கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே நகைக்கடைக்கு ஓடவும் வேண்டாம். கையில் இருக்கும் செல்போனால் நம் தெருவில் உள்ள ஒரு மனிதரைப் பற்றி மூன்று நிமிடப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள். அதில் கேள்வியும் உழைப்பும் கண்ணியமும் இருந்தால், அதற்குப் பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

நம் பிள்ளைகளின் கண்களுக்கு உண்மையைக் காணும் ஒளியையும், அவர்களுடைய உழைப்பில் பரக்கத்தையும் வல்ல ரஹ்மான் வழங்கியருள்வானாக! ஆமீன்.